வீடே கடை; தானே முதலாளி!

பாலக்கோடு, தக்காளிக்குப் பேர் போன ஊர்.

தர்மபுரியில் இருந்து ஓசூர் போகும் வழியில் இருக்கிறது. சுற்றுப்புறக் கிராமங்களில் பறித்த தக்காளி, பெட்டி பெட்டியாக இங்கே வந்து இறங்கும். ஏலம் முடிந்ததும் வெளியூர்களுக்கு லாரி ஏறும்.

விலை ஏறினால் சந்தையே சிரிக்கும். விலை விழுந்தால் சந்தையே அழும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல், தக்காளியைச் சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போன காலமும் உண்டு.

ஆனாலும் சந்தையில் ஒரு வசதி இருக்கிறது. நஷ்டப்பட்டவர் அங்கே தனியாக நிற்பதில்லை.

"உனக்கு எவ்வளவு போச்சு?"

"உனக்குப் போனதுதான் எனக்கும்!"

டீக்கடை வாசலில் இப்படிப் பேசிக்கொள்வார்கள். பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும்.

அதே தக்காளியை வாங்கி, வீட்டு அடுப்பில் தொக்கு கிண்டி, பாட்டிலில் அடைத்து விற்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. நஷ்டம் வந்தால், அவளுக்குப் பக்கத்தில் அடுப்பும் கரண்டியும்தான் இருக்கின்றன.

வீட்டில் இருந்தபடியே தனி ஆளாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முதல் எதிரி பணக்குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். பணக்குறைவு உண்மைதான். ஆனால், அதைவிடப் பெரிய போராட்டம் ஒன்று இருக்கிறது. அது மனசுக்குள் நடக்கிறது. வெளியே தெரிவதில்லை.

வாய் வரவில்லை!

இட்லி மாவு, ராகி மாவு, சாமை முறுக்கு, மாங்காய் ஊறுகாய், மசாலாப் பொடி, தையல் வேலை - வீட்டில் செய்யக்கூடிய தொழில்கள் எத்தனையோ இருக்கின்றன. பெரும்பாலான பெண்களுக்கு இவற்றில் ஒன்றாவது நன்றாகத் தெரியும். அம்மாவிடமோ மாமியாரிடமோ கற்றுக்கொண்டது.

செய்யத் தெரியும். விற்கத்தான் வாய் வராது.

நேற்று வரை பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்து அனுப்பிய ஊறுகாய். இன்று அதற்குக் காசு கேட்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "என்னம்மா, இதற்குப் போய்க் காசா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

"அக்கா, ரெண்டு பாட்டில் கொடுங்க. அடுத்த வாரம் காசு தரேன்" என்று ஒருத்தி வாங்கிப் போகிறாள். அடுத்த வாரம் வருகிறது, காசு வரவில்லை. தெருவில் பார்த்தால், கடன் வாங்கியவள் சாதாரணமாகச் சிரிக்கிறாள். கொடுத்தவள்தான் தலையைக் குனிந்துகொள்கிறாள்!

இது கோழைத்தனம் அல்ல. கொடுப்பது கௌரவம், கேட்பது கேவலம் என்று சிறு வயதில் இருந்தே சொல்லி வளர்த்த வளர்ப்பு அது. அதை ஒரே நாளில் மாற்ற முடியாது.

மளிகைக் கடைக்காரர் பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் காசு கேட்கிறார். அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. வீட்டில் செய்தாலும் சரக்கு சரக்குதான். அதில் எண்ணெயும், உப்பும், ஒரு பெண்ணின் பகல் பொழுதும் கலந்திருக்கின்றன.

கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? விலையை ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிடலாம். "கடன் இல்லை" என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். வாய் சொல்லத் தயங்குவதை அட்டை சொல்லிவிடும்.

முதல் நாள் விற்றது ஒரு காபி

சென்னையைச் சேர்ந்த பாட்ரீசியா நாராயண் அம்மையாரின் கதை, இந்த மனப் போராட்டத்துக்கு நல்ல சாட்சி.

காதல் மணம் செய்துகொண்டவர் அவர். மணவாழ்க்கை துன்பத்தில் முடிந்தது. 2 குழந்தைகளுடன் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். கையில் இருந்த ஒரே சொத்து, சமையல் திறமை.

ஊறுகாய், ஜாம், பழரசப் பாகு ஆகியவற்றை வீட்டிலேயே செய்தார். தாயார் அவற்றைத் தம் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். எல்லாம் விற்றுப்போயின. அந்தப் பணத்தைப் போட்டு மேலும் செய்தார்.

1982-ம் ஆண்டில் மெரினா கடற்கரையில் தள்ளுவண்டிக் கடை போட்டார். பஜ்ஜி, சமோசா, கட்லெட், காபி எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அன்று முழுவதும் விற்றது என்ன தெரியுமா?

ஒரே ஒரு காபி! விலை 50 காசு!

வீட்டுக்குப் போய் அழுதார். இனி முடியாது என்று தோன்றியது. தாயார்தான் தேற்றினார். ஒரு காபியாவது விற்றதே, அது நல்ல அறிகுறி, நாளைக்குப் பார் என்று தைரியம் சொன்னார்.

மறுநாள் 600 ரூபாய்க்கு மேல் வியாபாரம் ஆயிற்று.

பிறகு அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகள் நடத்தும் வாய்ப்புகள் வந்தன. விடியற்காலை முதல் இரவு வரை ஓயாத உழைப்பு. 2004-ம் ஆண்டில் மகளையும் மருமகனையும் சாலை விபத்தில் பறிகொடுத்தார். அந்த அடியில் இருந்தும் எழுந்தார். 2006-ல் மகளின் நினைவாக உணவகம் தொடங்கினார். 2010-ல் இந்தியத் தொழில் வர்த்தக சபைகளின் கூட்டமைப்பு, சிறந்த பெண் தொழில் முனைவோர் விருதை அவருக்கு அளித்தது.

இந்தக் கதையில் பலரும் விருதைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அந்த முதல் இரவை. அன்று இரவு வீட்டில் தாயார் இல்லாமல் இருந்திருந்தால்? "எனக்கு அப்போதே தெரியும்" என்று யாராவது குத்திப் பேசியிருந்தால்? மறுநாள் வண்டி கடற்கரைக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம்.

தொழில் தொடங்குகிறவருக்கு முதலுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது, இரவில் ஒரு நல்ல வார்த்தை. அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தக்காளிக் கணக்கு

மனசு நொந்துபோவதற்குப் பாதிக் காரணம், கணக்குத் தெரியாததுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒரு பெண் தக்காளித் தொக்கு விற்கிறாள். ஒரு பாட்டிலுக்கு 1 கிலோ தக்காளி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தக்காளி கிலோ 10 ரூபாய். எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம் 35 ரூபாய். பாட்டிலும் மூடியும் 15 ரூபாய். அடுப்புச் செலவு 10 ரூபாய். ஆகமொத்தம் 70 ரூபாய். விற்கும் விலை 100 ரூபாய். கையில் நிற்பது 30 ரூபாய்.

நல்ல லாபம் என்று மகிழ்கிறாள்.

தக்காளி கிலோ 60 ரூபாய் ஆகிறது. இப்போது ஒரு பாட்டிலுக்கு அடக்க விலை 120 ரூபாய். விலையை ஏற்றினால் வாடிக்கை போய்விடுமே என்று பயந்து, பழைய 100 ரூபாய்க்கே விற்கிறாள். பாட்டிலுக்கு 20 ரூபாய் நஷ்டம்! 50 பாட்டில் விற்றால் 1,000 ரூபாய் போய்விடும்.

விற்பனை நன்றாக நடக்கிறது. பணத்தை மட்டும் காணோம்!

"எனக்கு ராசி இல்லை. எனக்குச் சாமர்த்தியம் போதாது" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். இரவில் தூக்கம் வருவதில்லை.

தப்பு ராசியிலும் இல்லை, சாமர்த்தியத்திலும் இல்லை. தக்காளி விலையில் இருக்கிறது. 2023-ம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டில் தக்காளி சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகள் மூலம் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்க வேண்டியதாயிற்று. அரசாங்கத்தையே ஆட்டி வைத்த விலை, அடுப்படியில் இருக்கும் ஒரு பெண்ணை ஆட்டாதா?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாங்கியது, விற்றது, கையிருப்பு என்று தினமும் 3 வரி எழுதி வைத்தால், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். ஓட்டை தெரிந்தால் அடைக்கலாம். விலை ஏறும் மாதத்தில் தொக்கை நிறுத்திவிட்டுப் பருப்புப் பொடி செய்யலாம். மலிவான மாதத்தில் தக்காளியை நறுக்கி, உப்புப் போட்டு, வெயிலில் உலர்த்தி வைக்கலாம்.

இந்தக் கணக்கில் இன்னொரு செலவு விட்டுப்போயிருக்கிறது. அது என்ன?

அந்தப் பெண்ணின் கூலி!

காலை முதல் மாலை வரை நின்று கிண்டினாளே, அதற்குக் கூலி யார் கொடுப்பது? மேலே சொன்ன 30 ரூபாய் முழுவதும் லாபம் அல்ல. அதில் பெரும்பகுதி அவளுடைய கூலி. தன் உழைப்புக்கு விலை இல்லை என்று அவளே நினைத்துவிட்டால், மற்றவர்கள் மட்டும் மதிப்பார்களா?

"சும்மாதானே இருக்கிறாய்!"

ஓசூரிலோ பெங்களூரிலோ ஆலை வேலைக்குப் போகிறவருக்கு நேரம் உண்டு. காலையில் பஸ் ஏறினால் வேலைக்காரர். மாலையில் இறங்கினால் வீட்டுக்காரர்.

வீட்டில் தொழில் செய்கிறவருக்கு அந்த எல்லை கிடையாது. மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது குழந்தை அழும். கணக்கு எழுதும்போது விருந்தாளி வருவார். உறவுக்காரர் கல்யாணத்துக்கு 3 நாள் முன்னதாகவே கூப்பிடுவார்கள்.

"வீட்டிலே சும்மாதானே இருக்கிறாய்!" என்பார்கள்.

இந்த ஒரு சொல், முள்ளாகக் குத்தும்.

பணத்துக்கும் எல்லை இல்லை. விற்ற காசு சமையல் அறை டப்பாவுக்குள் போகிறது. அதில் இருந்து பால்காரருக்கு 50 ரூபாய், பிள்ளையின் நோட்டுக்கு 40 ரூபாய் என்று போய்விடுகிறது. மறுநாள் சரக்கு வாங்கக் கை வைத்தால் டப்பா காலி!

இதற்குப் பழைய காலத்து வழி ஒன்று இருக்கிறது. 2 டப்பா. ஒன்று தொழில் டப்பா. மற்றொன்று வீட்டு டப்பா. தொழில் டப்பாவில் இருந்து வாரம் ஒரு முறை ஒரு தொகையைக் கூலியாக எடுத்து, வீட்டு டப்பாவில் போட வேண்டும். மற்ற நாளில் அதைத் தொடக்கூடாது.

நேரத்துக்கும் இதே முறைதான். "காலை 10 முதல் 1 மணி வரை வேலை" என்று வீட்டில் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் முணுமுணுப்பார்கள். பிறகு பழகிக்கொள்வார்கள்.

கணவரும் பிள்ளைகளும் செய்யக்கூடிய உதவி பெரிது. பாட்டில் கழுவலாம். மூட்டை தூக்கலாம். பள்ளிக்கூடம் போகும் மகள் கணக்கு எழுதிக் கொடுக்கலாம். எதுவும் முடியாவிட்டால், "சும்மா இருக்கிறாய்" என்ற அந்தச் சொல்லைச் சொல்லாமலாவது இருக்கலாம்!

மழையும் கட்டிலும்

தனி ஆளுக்கு வரும் கஷ்டம், துணை சேர்ந்தால் எப்படி மாறுகிறது? இதற்குப் பம்பாயில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம்.

1959-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி. பம்பாய் (இன்றைய மும்பை) கிர்காவ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடி. 7 பெண்கள் கூடினார்கள். எல்லோரும் குடும்பப் பெண்கள். அப்பளம் இடுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

கையில் முதல் இல்லை. சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக ஊழியரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். அன்று 4 பாக்கெட் அப்பளம் தயார் ஆயிற்று.

தரத்தைக் குறைக்காதீர்கள், கணக்கைச் சரியாக எழுதுங்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னார். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று பெண்கள் முடிவு செய்தார்கள்.

மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. 4 மாதம் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று!

தனி ஒருத்தியாக இருந்திருந்தால், அந்த 4 மாதத்தில் மனம் உடைந்து தொழிலையே விட்டிருப்பாள். 7 பேரும் சேர்ந்து யோசித்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. வெளியே மழை கொட்டியது. உள்ளே அப்பளம் காய்ந்தது!

அதுதான் இன்று நாடு முழுவதும் தெரிந்த லிஜ்ஜத் அப்பளம். அந்த 7 பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-ம் ஆண்டில் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

மழை 7 பேருக்கும் பொதுவாக வந்தது. ஆகவே, "என் தலையெழுத்து" என்று அதில் யாரும் அழவில்லை. கட்டிலைத் தேடினார்கள்.

தர்மபுரி காட்டிய வழி

பம்பாய்க்கு ஏன் போக வேண்டும்? பாலக்கோடு இருக்கும் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒரு வழி பிறந்திருக்கிறது.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1989-ம் ஆண்டில், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், மகளிர் சுய உதவிக் குழுத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதற்கு முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டம் எது?

தர்மபுரி!

அப்போது கிருஷ்ணகிரியும் இதே மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-ல்தான் பிரிந்தது. மழை குறைவு; வறுமை அதிகம். அப்படிப்பட்ட மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. வங்கிகளையும் குழுக்களையும் இணைக்கும் திட்டத்தை, நபார்டு வங்கி 1992-ம் ஆண்டில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது.

குழு எப்படி நடக்கிறது?

ஒரே பகுதியைச் சேர்ந்த 12 முதல் 20 பெண்கள் சேருகிறார்கள். குறிப்பிட்ட நாளில் கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு சிறு தொகை சேமிக்கிறார்கள். சேர்ந்த பணத்தில் இருந்து, தேவைப்பட்டவருக்குக் கடன் கொடுக்கிறார்கள். வட்டியும் குழுவுக்கே வருகிறது. ஒழுங்காக நடந்தால் வங்கி கடன் தருகிறது.

பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால், அந்தக் கூட்டத்தில் பணத்தைவிட மதிப்பான ஒன்று நடக்கிறது. தன் கஷ்டத்தைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு 12 ஜோடிக் காதுகள் கிடைக்கின்றன.

"எனக்கும் முதல் மாதம் மாவு புளித்துப்போச்சு. தண்ணீரைக் குறைத்துப் பார்" என்று ஒருத்தி சொல்கிறாள். "அந்தக் கடைக்காரர் காசு தரமாட்டார். கொடுக்காதே" என்று இன்னொருத்தி சொல்கிறாள். சந்தையில் ஆண்களுக்குக் கிடைத்த அந்த டீக்கடை வாசல், இங்கே பெண்களுக்குக் கிடைக்கிறது.

தொழில் தனியாக இருக்கலாம். தொழில் செய்கிறவர் தனியாக இருக்க வேண்டியதில்லை.

கடன் என்னும் கத்தி

ஒரு எச்சரிக்கையும் அவசியம்.

குழு என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. கடன் கொடுப்பதற்கென்றே வீடு தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கச் சொல்வார்கள். ஒருத்தி தவணை கட்டத் தவறினால், மற்றப் பெண்களைக் கூட்டி வந்து வாசலில் உட்கார வைப்பார்கள். துணையாக இருக்க வேண்டிய தோழியே கடன்காரியாக மாறிவிடுகிறாள்.

மானம் போகிறதே என்ற தவிப்பு, பணம் போவதைவிடக் கொடியது. இந்தத் தவிப்பில் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

கந்து வட்டியைத் தடுக்க 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கடனை வசூலிக்கும்போது மிரட்டுவது, அவமானப்படுத்துவது போன்ற கொடுமைகளைத் தடுக்க, 2025-ம் ஆண்டில் இன்னொரு சட்டம் இயற்றப்பட்டது. கடன் வாங்கியது குற்றம் அல்ல. மிரட்டுவதுதான் குற்றம். இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஆண்டில் பெரிய கடன் வாங்காமல் இருப்பதே நல்லது. 10 பாட்டில் விற்று, அந்தக் காசில் 15 பாட்டில் செய்யலாம். மெதுவாக வளர்ந்தாலும் இரவில் தூக்கம் வரும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வங்கிக்குப் போகலாம். 2015-ம் ஆண்டில் வந்த முத்ரா திட்டத்தில், "சிசு" என்ற பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை கடன் உண்டு. மாவட்டத் தொழில் மையத்திலும் யோசனை கேட்கலாம். சிறு தொழிலைப் பதிவு செய்யும் "உத்யம்" முறை 2020-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. "நான் பதிவு செய்து தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

உணவுப் பொருள் விற்கிறவர், வியாபாரம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த எண் பாட்டிலில் இருந்தால், வாங்குகிறவருக்கும் நம்பிக்கை. அதிகாரி வந்துவிடுவாரோ என்ற பயமும் விற்கிறவருக்கு இல்லை.

சோர்வா? நோயா?

விற்பனை ஆகாத நாளில் சோர்வு வருவது இயற்கை. நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடும்.

ஆனால், 2 வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் ஆசை இல்லை, காரணம் இல்லாமல் கண்ணீர் வருகிறது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது - இப்படி இருந்தால் அது வெறும் சோர்வு அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை.

"பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களே" என்று பயந்து பலர் மறைத்துவிடுகிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவது போலத்தான் இதுவும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வெளியே போக முடியாதவர்கள், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை. இரவிலும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

எப்போது நிறுத்துவது?

தொழில் தொடங்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அபசகுனம் என்பார்கள்.

உண்மையில், தொடங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "5,000 ரூபாய் போடுவேன். 6 மாதம் பார்ப்பேன். அதற்கு மேல் தாலியையோ, பிள்ளையின் படிப்புப் பணத்தையோ தொடமாட்டேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படி எழுதி வைத்தவருக்குப் பயம் குறைவு. எவ்வளவு போகும் என்பது தெரிந்துவிட்டதால், போனாலும் குடும்பம் கவிழாது. 6 மாதம் முடிந்ததும் கணக்கைப் பார்க்கலாம். லாபம் வந்திருந்தால் தொடரலாம். வராவிட்டால் வேறு சரக்கை முயன்று பார்க்கலாம். அல்லது நிறுத்திவிடலாம்.

நிறுத்துவதில் வெட்கம் இல்லை. தக்காளி விலை விழுந்தால், அடுத்த பருவத்தில் விவசாயி வேறு பயிர் வைக்கிறார். அவரை யாரும் தோற்றவர் என்று சொல்வதில்லை. தொக்கை நிறுத்திவிட்டுத் தையல் எந்திரத்தில் உட்காரும் பெண்ணும் தோற்றவள் அல்ல.

கணக்கு எழுதப் பழகியிருக்கிறாள். காசு கேட்கப் பழகியிருக்கிறாள். கடைக்காரரிடம் பேரம் பேசப் பழகியிருக்கிறாள். தொழில் போனாலும் இந்த மூன்றும் அவளிடமே இருக்கும்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பெண் இருப்பாள். மாவோ, ஊறுகாயோ, முறுக்கோ விற்பாள். அவளைப் பாராட்ட வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு பாட்டில் வாங்குங்கள். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.

காசை அப்போதே கொடுத்துவிடுங்கள்!